தேசியப் பாதுகாப்பு உத்திகளை ஒப்பிடுவது எப்படி? ஆவணத்தில் தொடங்கி லடாக் வரை

இரண்டு நாடுகளின் பாதுகாப்பு உத்தி ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் ‘ராஜதந்திரம்’ எத்தனை முறை வருகிறது, அதில் ‘ராணுவம்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதோடு நிறைய ஒப்பீடுகள் முடிந்துவிடுகின்றன. அமைதியைப் பற்றிப் பேசாத பாதுகாப்பு ஆவணம் உலகத்தில் எங்கும் கிடையாது. எண்ணிக்கையால் ஒன்றும் தெரியப்போவதில்லை. படைபலத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் நடுவே ஒரு அரசு எங்கே நிற்கிறது என்பது வேறு மூன்று இடங்களில்தான் தெரியும்: பணம் எங்கே போகிறது, முடிவெடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், நெருக்கடி வந்தபோது எதை முதலில் அனுப்பினார்கள். ஆவணம் இந்த மூன்றுக்கும் வாசல். ஆனால் வாசலையே சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும்.

ஒரே அடுக்கில் உள்ள ஆவணங்களை எடுங்கள்

முதல் பிழை இங்கேதான் நடக்கிறது. எல்லா நாடுகளும் ஒரே வகை ஆவணத்தை வெளியிடுவதில்லை.

அமெரிக்காவில் 1986-ன் கோல்ட்வாட்டர்-நிக்கோல்ஸ் சட்டப்படி, அதிபர் ஆண்டுதோறும் தேசியப் பாதுகாப்பு உத்தியை நாடாளுமன்றத்துக்கு அளிக்க வேண்டும். முதல் அறிக்கை ரீகன் காலத்தில், 1987-ல் வந்தது. இப்போதெல்லாம் யாரும் ஆண்டுதோறும் அளிப்பதில்லை. ஒரு பதவிக்காலத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. புஷ் 2002, 2006, ஒபாமா 2010, 2015, டிரம்ப் 2017, பைடன் 2022, மறுபடி டிரம்ப் 2025 டிசம்பர். இது அதிபரின் அரசியல் அறிக்கை. படைகள் இதன்படி என்ன செய்யும் என்பது பாதுகாப்புத் துறை தனியாக வெளியிடும் தேசியத் தற்காப்பு உத்தியில் இருக்கும்.

ஜப்பான் 2022 டிசம்பர் 16 அன்று மூன்று ஆவணங்களை ஒரே நாளில் வெளியிட்டது: தேசியப் பாதுகாப்பு உத்தி, தேசியத் தற்காப்பு உத்தி, தற்காப்புக் கட்டமைப்புத் திட்டம். மூன்றாவதில் தொகையும் ஆண்டும் இருக்கின்றன. ரஷ்யாவின் ஆவணம் 2021 ஜூலை 2 அன்று அதிபர் ஆணையாகப் பிறப்பிக்கப்பட்டது. சட்ட நடையில், எண்ணிட்ட பத்திகளாக இருக்கும். அதன் வெளியுறவுக் கொள்கைக் கோட்பாடு 2023 மார்ச் 31 தேதியிட்ட வேறு ஆவணம். சீனா வெள்ளை அறிக்கை வெளியிடும்: 2019 ஜூலையில் தற்காப்பு பற்றி ஒன்று, 2025 மேயில் தேசியப் பாதுகாப்பு பற்றி ஒன்று. இவை வெளிநாட்டு வாசகரையும் மனதில் வைத்து எழுதப்படுபவை. பாகிஸ்தான் 2022 ஜனவரியில் வெளியிட்ட தேசியப் பாதுகாப்புக் கொள்கை, ரகசியமான மூல ஆவணத்தின் பொதுப் பதிப்பு மட்டுமே. ஜெர்மனிக்கு 2023 ஜூன் 14-க்கு முன் இப்படி ஓர் ஆவணமே இருந்ததில்லை. இந்தியா இன்றுவரை இப்படி ஒன்றை எழுத்தில் வெளியிடவில்லை.

ஆகவே அமெரிக்காவின் அரசியல் அறிக்கையை ஜப்பானின் கட்டமைப்புத் திட்டத்தோடு ஒப்பிட்டு ‘ஜப்பான் தெளிவாக இருக்கிறது, அமெரிக்கா பொத்தாம்பொதுவாகப் பேசுகிறது’ என்று எழுதினால், அது நாடுகளைப் பற்றிய முடிவாகாது. தப்பான காகிதத்தை எடுத்ததன் விளைவு. மேலடுக்கு ஆவணத்தை மேலடுக்கோடும், படை ஆவணத்தைப் படை ஆவணத்தோடும் வையுங்கள். ஒரு நாட்டில் அந்த அடுக்கே இல்லையென்றால், அதன் இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

காலமும் பொருந்த வேண்டும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததற்கு முந்தைய ஆவணத்தையும் பிந்தைய ஆவணத்தையும் ஒப்பிட்டால், நீங்கள் பார்ப்பது நாடுகளின் வித்தியாசத்தை விட அந்தப் போரின் பாதிப்பைத்தான். பிரிட்டனை எடுத்தால், 2021 மார்ச் ஒருங்கிணைந்த ஆய்வோடு நிற்காமல் 2023 மார்ச் திருத்தப் பதிப்பையும், 2025 ஜூனில் வந்த தேசியப் பாதுகாப்பு உத்தியையும் சேர்த்துப் படிப்பது இதனால்தான் அவசியம்.

ஒரே கேள்விகளை எல்லாரிடமும் கேளுங்கள்

எக்செல் தாளோ, கோடு போட்ட நோட்டோ போதும். நாடுகள் மேலே, கேள்விகள் இடப்பக்கம். ஆறு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். பதினைந்து வரிசை போட்டால் பாதி கட்டம் காலியாகக் கிடக்கும்.

1. எதைக் காக்கிறோம் என்கிறது?
2. யாரை, என்ன அடைமொழியோடு அச்சுறுத்தல் என்கிறது?
3. எந்தக் கருவியால் சமாளிப்போம் என்கிறது: படை, தூதரகம், பணம், தகவல்?
4. யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவில்?
5. எதைச் செய்ய மாட்டோம் என்கிறது?
6. எந்த ஆபத்தை ஏற்றுக்கொள்கிறது?

முதல் நான்கும் அமெரிக்க ராணுவக் கல்லூரியில் ஆர்தர் லைக் கற்பித்த நோக்கம்-வழி-வளம் என்ற பழைய சட்டகத்திலிருந்து வருபவை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் மிஞ்சுவது ஆபத்து என்பது அவர் வாதம். கடைசி இரண்டு கேள்விகளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அங்கேதான் சரக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் செய்வோம் என்று சொல்லும் ஆவணத்தில் உத்தி கிடையாது. ஆறாவது கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அதையும் ஒரு கண்டுபிடிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு நுணுக்கம் உண்டு. அடைமொழிகளை நாடு விட்டு நாடு ஒப்பிடுவதை விட, ஒரே நாட்டின் முந்தைய ஆவணத்தோடு ஒப்பிடுவது பலன் தரும். ஒவ்வொரு தலைநகரத்துக்கும் ஒரு பேச்சு வழக்கு உண்டு; ஜெர்மனியின் நிதானமும் அமெரிக்காவின் உரத்த குரலும் பழக்கத்தால் வந்தவை. மாற்றம்தான் செய்தி. ஜப்பானின் 2013 உத்தி சீனாவின் போக்கை ‘சர்வதேச சமூகத்துக்குக் கவலை தரும் விஷயம்’ என்றது. 2022 உத்தி அதையே ‘இதுவரை இல்லாத, மிகப் பெரிய உத்திசார் சவால்’ என்றது. பிரிட்டன் 2021-ல் சீனாவை ‘அமைப்புரீதியான போட்டியாளர்’ என்று அழைத்தது. 2023-ல் ‘சகாப்தத்தையே தீர்மானிக்கும் சவால்’ என்று மாற்றியது. ஜெர்மனி ‘கூட்டாளி, போட்டியாளர், அமைப்புரீதியான எதிராளி’ என்ற மூன்று சொற்களையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டது. சீனாவோடு அதற்கிருக்கும் வணிகத்தைப் பார்த்தால், மூன்றில் எதையும் கைவிட முடியாத நிலை புரியும்.

வட்டாரங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதையும் குறியுங்கள். அமெரிக்காவின் 2022 ஆவணம் இந்தோ-பசிபிக்கில் தொடங்கி ஐரோப்பாவுக்குப் போகிறது. 2025 ஆவணத்தில் மேற்கு அரைக்கோளம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. எந்த வட்டாரத்தை முன்னால் வைப்பது என்று அரசுக்குள்ளேயே கடுமையாக இழுபறி நடக்கும். அதனால் அந்த வரிசை தற்செயலாக அமைவது அரிது.

ஆசையையும் கடப்பாட்டையும் பிரிப்பது

நான்காவது கேள்விக்காக ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் பாருங்கள். ‘வலுப்படுத்துவோம்’, ‘ஆழப்படுத்துவோம்’, ‘பாடுபடுவோம்’ என்று முடிந்தால் ஆசை. தொகை, தேதி, துறை இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் கடப்பாடு. ஆசையைப் பச்சையிலும் கடப்பாட்டைச் சிவப்பிலும் அடிக்கோடிட்டால், பக்கத்தைப் புரட்டும்போதே விஷயம் கண்ணில் படும்.

ஜப்பானின் ஆவணத் தொகுப்பில் சிவப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள்: 2023 முதல் 2027 வரை ஐந்து நிதியாண்டுகளுக்கு 43 லட்சம் கோடி யென், 2027 நிதியாண்டில் தற்காப்பும் அதைச் சார்ந்த செலவுகளும் சேர்ந்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம், எதிரியின் ஏவுதளத்தைத் திருப்பித் தாக்கும் திறன். அடுத்து 400 டோமஹாக் ஏவுகணைகளுக்கு அமெரிக்காவோடு ஒப்பந்தமும் போட்டார்கள். இதே உத்தி, நாட்டின் ஒட்டுமொத்த பலத்தின் கூறுகளைப் பட்டியலிடும்போது ராஜதந்திரத் திறனைத்தான் முதலில் வைக்கிறது; தற்காப்பு இரண்டாவது. வரிசையில் ராஜதந்திரம் முதலிடம், தொகையில் தற்காப்பு முதலிடம். இதைப் பாசாங்கு என்று உடனே எழுதிவிடக் கூடாது. தோக்கியோவின் கணக்கில், படை வளர்ப்பதே பேச்சுக்கு எடை சேர்க்கத்தான். அந்தக் கணக்கு சரியா என்பது வேறு விவாதம். ஆனால் ஒப்பிடும்போது ஆவணம் சொல்லும் தர்க்கத்தை முதலில் அப்படியே எழுதி, பிறகு உங்கள் சந்தேகத்தை எழுதுங்கள்.

ஜெர்மனியின் 2023 ஆவணம் நேர் எதிர்ப் பாடம். நேட்டோ கூட்டணியின் இலக்குகளுக்காக உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் செலவிடுவது அதில் இருக்கிறது, ‘பல ஆண்டுச் சராசரியாக’ என்ற ஒட்டோடு. தொடக்கத்தில் ஒரு பகுதி, 2022-ல் அப்போதைய சான்சலர் ஷோல்ஸ் அறிவித்த 10,000 கோடி யூரோ சிறப்பு நிதியிலிருந்து வரும் என்கிறது. இன்னொரு வரி இதைவிட முக்கியம்: உத்தியில் சொன்ன பணிகளை, மொத்தத்தில் மத்திய பட்ஜெட்டுக்குக் கூடுதல் செலவில்லாமல் செய்ய முயல்வோம் என்று ஆவணமே ஒப்புக்கொள்கிறது. நாட்டின் முதல் பாதுகாப்பு உத்தியில் புதுப் பணம் இல்லை என்ற செய்தி இப்படி ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. அவசரமாகப் புரட்டினால் தவறிப்போகும். அந்தக் கட்டு அவிழ 2025 மார்ச் வரை ஆனது. உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேல் போகும் தற்காப்புச் செலவுக்குக் கடன் வரம்பிலிருந்து விலக்கு தர அப்போது அரசியலமைப்பையே திருத்தினார்கள்.

பணத்தைப் பார்க்கும்போது சறுக்கும் இடங்கள்

‘பாதுகாப்புக்கு இவ்வளவு, வெளியுறவுக்கு இவ்வளவு’ என்று விகிதம் போடுவது எல்லாருக்கும் பிடிக்கும். இந்தியாவின் 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6,81,210 கோடி ரூபாய்; வெளியுறவு அமைச்சகத்துக்குச் சுமார் 20,516 கோடி. அதாவது 33-க்கு 1. தலைப்புச் செய்திக்கு நன்றாக இருக்கும். ஆனால் பாதுகாப்புத் தொகையில் 1,60,795 கோடி ஓய்வூதியம். அதைக் கழித்தால் விகிதம் 25-க்கு 1 என்று இறங்கும். புதிதாகத் தளவாடம் வாங்க உதவும் மூலதனச் செலவு 1,80,000 கோடிதான்.

மறுபக்கமும் குறைவாகவே தெரிகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் தொகையில் தூதரகச் செலவோடு அண்டை நாட்டு உதவியும் கலந்திருக்கிறது. பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி. ஆனால் இலங்கை 2022-ல் திவாலானபோது இந்தியா கொடுத்த சுமார் 400 கோடி டாலரில் பெரும்பங்கு கடனுதவி, நாணயப் பரிமாற்றம், ஒத்திவைத்த பாக்கி என்று வேறு வழிகளில் போனது. இந்தியாவின் சமீபகால ராஜதந்திரத்தில் இதைவிடப் பெரிய பண நடவடிக்கை சிரமப்பட்டுத் தேடினால்தான் கிடைக்கும். அது வெளியுறவு அமைச்சகத்தின் பட்ஜெட் வரிசையில் கண்ணில் படவே படாது. எனவே ராஜதந்திரக் கட்டத்தில் எக்சிம் வங்கிக் கடன்களையும் ரிசர்வ் வங்கியின் நாணயப் பரிமாற்றத்தையும் தனி வரிசையாகச் சேருங்கள்.

நாடு விட்டு நாடு போகும்போது மூன்று எச்சரிக்கைகள். நேட்டோ நாடுகள் தரும் தற்காப்புச் செலவில் ஓய்வூதியமும் அடங்கும். அதே அளவுகோல் எல்லாரிடமும் இருப்பதில்லை. ஜப்பானின் 2 சதவீதத்தில் கடலோரக் காவல்படை போன்ற செலவுகளும் சேர்கின்றன. அது 2022 நிதியாண்டின் உற்பத்தியை அடித்தளமாக வைத்த கணக்கு. சீனா 2024-க்கு அறிவித்த ராணுவ பட்ஜெட் சுமார் 1.67 லட்சம் கோடி யுவான், ஏறத்தாழ 230 பில்லியன் டாலர். ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனம் அதே ஆண்டுக்கு 314 பில்லியன் என்று மதிப்பிடுகிறது. எந்த ஒப்பீட்டுக்கும் எல்லா எண்களையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். சிப்ரி என்றால் முழுக்க சிப்ரி: 2024-ல் அமெரிக்கா 997 பில்லியன், சீனா 314, ரஷ்யா 149, ஜெர்மனி 88.5, இந்தியா 86.1, பிரிட்டன் 81.8, ஜப்பான் 55.3. ஒரு நாட்டுக்கு அரசு எண், இன்னொன்றுக்கு சிப்ரி எண் என்று கலந்தால் அட்டவணை முழுவதும் வீண். டாலர் கணக்கு நாணய மாற்று விகிதத்தால் ஆட்டம் காணும் என்பதையும் மறக்க வேண்டாம். யென் சரிந்தபோது, உள்நாட்டில் கட்டும் கப்பலுக்கான செலவை விட அமெரிக்காவிலிருந்து வாங்கும் ஏவுகணையின் விலைதான் ஜப்பானைக் கடித்தது.

இவ்வளவு சிக்கல் இல்லாத, நேரடியான சாட்சி ஒன்று உண்டு: ஒரே அறிவிப்பில் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குப் போடுவது. பிரிட்டன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2021-ல் 0.5 ஆகக் குறைத்தது. 2025 பிப்ரவரியில் பிரதமர் ஸ்டார்மர், தற்காப்புச் செலவை 2027 ஏப்ரலில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாகவும், அதற்காக உதவியை 0.3-க்கு இறக்குவதாகவும் அறிவித்தார். எது எதற்காக விட்டுக்கொடுக்கப்பட்டது என்று அரசே சொல்லிவிட்டது. உத்தி ஆவணத்தின் ஐம்பது பக்கங்களை விட இந்த அறிவிப்பு அதிகம் பேசுகிறது. இப்படிப்பட்ட அறிவிப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே உங்கள் நேரத்தில் கால்வாசியை ஒதுக்கலாம்.

இதற்கு எதிரான வாதமும் படைக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. 2013-ல், மேற்காசியப் பகுதிக்கான அமெரிக்கப் படைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் மேட்டிஸ், வெளியுறவுத் துறைக்கு முழுப் பணம் தராவிட்டால் தான் கூடுதலாகத் தோட்டா வாங்க வேண்டியிருக்கும் என்று செனட் குழுவிடம் சொன்னார்.

ஆட்களும் மேசையும்

ஆஸ்திரேலியாவின் லோவி நிறுவனம் வெளிநாட்டுத் தூதரக அலுவலகங்களை எண்ணி வெளியிடுகிறது. 2024 கணக்கில் சீனா 274, அமெரிக்கா 271, துருக்கி 252, ஜப்பான் 251, இந்தியா 194. துருக்கியின் இடத்தைப் பாருங்கள். ராணுவச் செலவுப் பட்டியலை மட்டும் வைத்து ஒப்பிடுபவர் இதைக் கவனிக்கவே மாட்டார். ராணுவச் செலவில் இந்தியாவுக்கு உலகில் ஐந்தாவது இடம், தூதரக எண்ணிக்கையில் பதினொன்றாவது. அலுவலகங்களின் எண்ணிக்கை தரத்தைச் சொல்லாது என்பது சரிதான். ஆனாலும் ஆள் இல்லாத ஊரில் பேச்சுவார்த்தை நடக்காது.

மேசை என்றால் தேசியப் பாதுகாப்புக் குழு. பிரிட்டன் 2010-ல் அமைத்தது, ஜப்பான் 2013 டிசம்பரில். ஜெர்மனியில் 2023 உத்தியோடு சேர்த்தே ஒரு குழு அமையும் என்று எதிர்பார்த்தார்கள். சான்சலர் அலுவலகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் ஒத்துவராமல் அது கைவிடப்பட்டு, மெர்ஸ் அரசு வந்த பிறகு 2025-ல்தான் உருவானது. யார் தலைமை, வெளியுறவு அமைச்சருக்கு நிரந்தர இடம் உண்டா, செயலகத்தை நடத்துபவர் படையிலிருந்து வந்தவரா, தூதரகப் பணியிலிருந்தா, உளவுத் துறையிலிருந்தா என்ற மூன்றையும் குறித்தால் போதும்.

சமநிலையை அளப்பது: லடாக்கை எடுத்துக்கொண்டு

இதுவரை செய்ததெல்லாம் ஆயத்தம். படையும் பேச்சும் எப்படி இணைகின்றன என்பதை ஒரு நெருக்கடியில் வைத்துத்தான் சோதிக்க முடியும். ஒரு தாளில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி (நெடுவரிசை) போடுங்கள்: படை, பேச்சு, பொருளாதாரம். இடப்பக்கம் தேதி. கிழக்கு லடாக்கில் 2020-24-ல் நடந்த இந்திய-சீன எல்லை நெருக்கடி இதற்கு நல்ல பயிற்சி; நான்கரை ஆண்டு நீண்டதால் எல்லா வகை அசைவுகளும் அதில் உண்டு.

படைப் பத்தி: 2020 ஜூன் 15 கல்வான் மோதல், இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழப்பு. ஆகஸ்ட் 29-30 இரவில் இந்தியப் படை பாங்காங் ஏரிக்குத் தெற்கே கைலாஷ் மலைத்தொடரின் உயரங்களைப் பிடித்தது.

பேச்சுப் பத்தி: ஜூன் 6 அன்றே, கல்வானுக்கு முன்பே, படைத் தளபதிகள் மட்டத்தில் முதல் சுற்று. செப்டம்பர் 10 மாஸ்கோவில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீயும் ஐந்து அம்சங்களுக்கு உடன்பட்டார்கள். செப்டம்பர் 21-ல் ஆறாவது தளபதிகள் சுற்றில் வெளியுறவு அமைச்சகத்தின் இணைச் செயலர் ஒருவர் முதல்முறையாக உட்கார்ந்தார். 2021 பிப்ரவரி 10 பாங்காங்கின் இரு கரையிலும் படை விலகல் தொடக்கம். 2021 ஆகஸ்டில் கோக்ரா, 2022 செப்டம்பரில் 15-ஆம் ரோந்து முனை. 2024 அக்டோபர் 21-ல் தெப்சாங், தெம்சோக் ரோந்து உடன்பாடு. இரண்டு நாள் கழித்து கசானில் மோடி-ஷி சந்திப்பு.

பொருளாதாரப் பத்தி: 2020 ஏப்ரல் 17-ல் எல்லையைப் பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு முன்அனுமதி விதி, ஜூன் 29-ல் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்குத் தடை, நேரடி விமானம் 2025 அக்டோபர் வரை கிடையாது. ஆனால் 2023-24-ல் இருதரப்பு வணிகம் சுமார் 118 பில்லியன் டாலர்.

மூன்றையும் நிரப்பிய பிறகு கிடைமட்டமாகப் படியுங்கள். முதலில் கண்ணில் படுவது, கைலாஷ் உயரங்களுக்கும் பாங்காங் விலகலுக்கும் இடையிலான ஐந்தரை மாதம். சீனப் படை முகாமை மேலிருந்து பார்க்கும் இடம் கையில் வந்த பிறகே பாங்காங்கில் பேச்சு நகர்ந்தது. படை, பேச்சுக்குச் சரக்கு சேர்த்துக் கொடுத்த நேரம் அது. அடுத்துக் கண்ணில் படுவது அந்தச் சரக்கின் செலவு: உயரங்களிலிருந்து இறங்கியதற்கு ஈடாகப் பாங்காங் மட்டும் தீர்ந்தது; தெப்சாங் தீர 2024 ஆகிவிட்டது. ‘சீக்கிரம் விட்டுக்கொடுத்தோம்’ என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் குறைகூறினார்கள். டாங்கிகள் கூப்பிடு தூரத்தில் எதிரெதிரே நின்ற இடத்தில் குளிர்காலம் முழுக்க ஒரு தவறும் நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பது மறுதரப்பு. இரண்டில் எது சரி என்று தீர்ப்பளிக்க அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு விலகலுக்குப் பிறகும் கையில் என்ன பிடி மிஞ்சியது என்று ஒரு நான்காவது பத்தி சேருங்கள். 2021-க்குப் பிறகு மிஞ்சிய பிடி மலையில் இல்லை. எல்லையில் நிற்கும் பல்லாயிரம் வீரர்களும், திறக்காத விமானப் பாதையும், தாமதமாகும் முதலீட்டு அனுமதியும்தான்.

இந்த முறையை எந்த நெருக்கடிக்கும் பொருத்தலாம். நான்கு கேள்விகள் போதும். படை எதை வாங்கித் தந்தது? எதிராளி பின்வாங்க முகம் கெடாத வழி இருந்ததா? பேசும் வாய்க்கால் சண்டைக்கு முன்பே திறந்திருந்ததா? மிரட்டியவர் தன் மிரட்டலின் எல்லையைச் சொன்னாரா? 1962 அக்டோபரில் அமெரிக்க அதிபர் கென்னடி, சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்ட கியூபாவைக் கடற்படையால் சுற்றி வளைத்தார். அதே சமயம் துருக்கியிலிருந்து ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாக ரகசியமாக ஒப்புக்கொண்டார். வெளியில் தெரிந்த பாதியை மட்டும் படித்த தலைமுறை, உறுதியாக நின்றால் எதிரி பணிவான் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டது. ரகசியப் பாதி வெளிவரப் பல ஆண்டுகளாயின. சமீபத்திய நெருக்கடியை ஆராயும்போது பேச்சுப் பத்தி எப்போதும் குறைவாகவே நிரம்பும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்; காலிக் கட்டத்தைப் ‘பேச்சு நடக்கவில்லை’ என்று படிக்காதீர்கள்.

ஆவணமே இல்லாத நாட்டை எப்படிச் சேர்ப்பது?

இந்தியாவை அட்டவணையில் சேர்க்கச் சிதறிக் கிடப்பவற்றைக் கூட்ட வேண்டும். 2003 ஜனவரி 4 அன்று அமைச்சரவைப் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அணுக் கோட்பாட்டுக் குறிப்பு மூன்றாவது, ஐந்தாவது கேள்விகளுக்கு நேரடி விடை தரும்: முதலில் பயன்படுத்த மாட்டோம், பதிலடி பேரளவில் இருக்கும். நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு, வெளியுறவு நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து தரும் அறிக்கைகளில்தான் காலியிடம், செலவாகாத பணம், தாமதமான கொள்முதல் எல்லாம் அமைச்சகத்தின் வாயாலேயே வரும். மூன்றாவது மூலம், கார்கில் போருக்குப் பிறகு திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான ஆய்வுக்குழு 2000-ல் தந்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து அமைச்சர்கள் குழு 2001-ல் தந்த அறிக்கையும். அமைச்சர்கள் குழு பரிந்துரைத்த முப்படைத் தலைமைத் தளபதி பதவிக்கு முதல் ஆள், பிபின் ராவத், பொறுப்பேற்றது 2020 ஜனவரி 1. பரிந்துரைக்கும் செயலுக்கும் இடைப்பட்ட அந்த 19 ஆண்டுகளை நான்காவது கேள்விக்கான கட்டத்தில் எழுதுங்கள்.

ஆவணம் இல்லாததைக் குறையாக மட்டும் பார்க்கத் தேவையில்லை. எழுதி வைத்தால் எதிராளிக்கும் தெரியும், அடுத்த தேர்தலில் உள்நாட்டிலும் கேள்வி வரும் என்று கருதுபவர்கள் டெல்லியில் உண்டு. ஆனால் எழுதாததால் முப்படைகளும் வெளியுறவும் ஆளுக்கொரு அனுமானத்தில் திட்டம் போடுகின்றன என்ற எதிர்வாதம்தான் வலுவானதாகத் தெரிகிறது.

முடிவை எழுதும் விதம்

மதிப்பெண் போட வேண்டாம். ‘ஜப்பான் 7, ஜெர்மனி 5’ என்று எழுதியதும் அட்டவணையில் உழைத்ததெல்லாம் மறைந்துவிடும். எண்ணைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பத்தி: என்ன சொல்கிறது, பணம் எங்கே போனது, நெருக்கடியில் என்ன செய்தது, இந்த மூன்றுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. பிறகு சரிபார்க்கக்கூடிய கணிப்பு ஒன்று, தேதியோடு. பிரிட்டன் 2027 ஏப்ரலில் 2.5 சதவீதத்தைத் தொடுமா? நேட்டோ நாடுகள் 2025 ஜூனில் தி ஹேக்கில் ஒப்புக்கொண்ட 5 சதவீதத்தை, தளவாடத்துக்கும் படைக்கும் 3.5, பாலம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு 1.5 என்று பிரித்து 2035-க்குள் எட்டுமா?

தேதி போட்ட கணிப்பு சீக்கிரம் பழசாகும் என்பதற்கும் தயாராக இருங்கள். ஜப்பானின் 2027 இலக்கை வைத்து எழுதிய கட்டுரைகள், 2025 அக்டோபரில் பிரதமர் தகாய்ச்சி அதே 2 சதவீதத்தை இரண்டு ஆண்டு முன்னதாகவே எட்டுவோம் என்றும் மூன்று ஆவணங்களையும் திருத்துவோம் என்றும் சொன்னதும் திருத்தப்பட வேண்டியதாயிற்று. அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணுக்குப் பக்கத்தில் அதை எடுத்த மூலத்தையும் மாதத்தையும் சின்ன எழுத்தில் குறித்து வைத்தால், அடுத்த முறை முழுவதையும் தொடங்காமல் மாறியதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.